நெஞ்சுப் படம் படித்தவர்கள்

2021 கொரோனாக் கோடையில் சிலமலையில் யார் யாருக்குப் போன் போட்டாலும் பேச்சு ‘பெர்சன்ட்’டில்தான் தொடங்கியது. “மாமாவுக்கு முப்பது பெர்சன்டாம்.” “அவுகளுக்குப் பதினொண்ணுதானாம், பயமில்லைன்னு சொல்லிட்டாக.” ஏலக்காய் விலையைத் தவிர வேறு எந்த எண்ணையும் எங்கள் ஊர் இவ்வளவு அக்கறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஊர் பெர்சன்ட் என்று சொன்ன எண்களில் பல, பெர்சன்டே இல்லை. வலது நுரையீரலில் மூன்று மடல், இடதில் இரண்டு. சி.டி. ஸ்கேன் படிக்கும் டாக்டர் பாதிப்பைப் பார்த்து மடலுக்கு ஐந்து வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார். மொத்தம் 25. பதினொன்று என்றால் 25-க்குப் பதினொன்று, கிட்டத்தட்டப் பாதி. அதை நூற்றுக்குப் பதினொன்று என்று நினைத்து நிம்மதியாகப் படுத்தவர்களும் உண்டு. வேறு சில இடங்களில் கம்ப்யூட்டரே நுரையீரலில் வெளுத்த பகுதியை அளந்து, நிஜமான சதவீதத்தையே அச்சடித்துக் கொடுத்தது. கண்ணால் போட்ட மதிப்பெண்ணும் கம்ப்யூட்டர் அளந்த சதவீதமும் ஒரே பேச்சில் கலந்து ஓடின. எது யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை.

நான் அரசு ஆஸ்பத்திரிகளில் ரேடியோகிராஃபராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊருக்குள் எனக்குப் பெயர் எக்ஸ்ரேக்காரர். படம் எடுப்பது என் வேலை. அதைப் படித்து, இன்ன நோய் என்று எழுதுவது டாக்டர் வேலை. எடுப்பவருக்கு இந்தப் பக்கம் பெரிய பஞ்சம் வந்ததில்லை. பஞ்சம் எப்போதும் படிப்பவருக்குத்தான். நெஞ்சுப் படத்தின் வரலாற்றை நான் பார்த்தவரை, அது இந்தப் பஞ்சத்தைச் சமாளித்த வரலாறு.

போடிக்குத் தெற்கே தேவாரம் போகும் பக்கம், மலையைப் பார்த்தபடி கிடக்கிற ஊர் சிலமலை. வீடு தமிழ்நாட்டில், பிழைப்பில் பாதி கேரளத்தில். விடியுமுன் ஜீப் வரும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். களை எடுப்பு, கவாத்து, காய் எடுப்பு. ஆண்களுக்கு மருந்தடிப்பு. பறித்த பச்சைக் காயை அன்றே ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். ஸ்டோர் என்பது காய் உலர்த்தும் கட்டடம். விறகு அடுப்பின் சூடு இரும்புக் குழாய் வழியாக அறையைச் சுற்றி ஓடும். ராத்திரி முழுக்க ஒருவர் உட்கார்ந்து தீ தள்ள வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். இப்போது கேஸ், டீசல், மின்சாரம் எல்லாம் வந்துவிட்டன. ஆனால் இன்று அறுபது எழுபது வயதில் இருமிக்கொண்டு வருகிறவர்கள் விறகு ஸ்டோர்க் காலத்து ஆட்கள்.

மலைக்குப் போகாதவர்களுக்குப் போடியில் இலவம்பஞ்சு. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மரங்களிலிருந்து வரும் நெற்றை உடைத்து, கொட்டை பிரித்து, மெத்தையும் தலையணையும் அடைக்கும் கொட்டகைகள். உள்ளே போனால் காற்றே வெள்ளையாக இருக்கும். புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொள்வது தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. தேனிப் பக்கம் நூற்பாலை, ஆங்காங்கே கல்குவாரி. வீட்டில் அப்போது எல்லோருக்கும் விறகு அடுப்பு.

இத்தனை வகை வேலை செய்தவர்களும் என்னிடம் வந்தபோது கையில் ஒரே மாதிரிச் சீட்டுதான் இருந்தது. பெயர், வயது, ஆண் பெண், தொழில், எந்தப் பகுதிப் படம். ‘தொழில்’ என்ற இடத்தில் ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் ‘கூலி’. ஸ்டோரில் இருபது வருஷம் புகை குடித்தவரும் கூலி, பஞ்சுக் கொட்டகைக்காரியும் கூலி, கல் உடைத்தவரும் கூலி. மூன்று பேருடைய நுரையீரலும் மூன்று விதமாகக் கெட்டிருக்கும். படம் படிக்கிற டாக்டருக்கு அந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டிய ஒரே இடம் அந்தக் கட்டம்தான். அதை நிரப்பிய கைக்கு அது தெரியாது, கேட்க நேரமும் கிடையாது. இந்தச் சீட்டை மனதில் வைத்துக்கொண்டே மற்றதைச் சொல்கிறேன்.

ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895-இல். சென்னைப் பொது மருத்துவமனையில் கேப்டன் பர்னார்டின் பெயரில் கதிரியக்க நிலையம் வந்தது 1934-இல். அதற்கு முன்பே 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய் சானடோரியத்தைத் தொடங்கிவிட்டார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. அங்குள்ள ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’தான். அதே 1928-இல்தான் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. ஏலக்காய்க்காக வந்த ரயில் என்றாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அதுவே. யுத்தத்துக்கு இரும்பு வேண்டுமென்று 1942-இல் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். திரும்பப் போட்டது 1950களில். இடைப்பட்ட காலத்தில் காசநோய்க்காரருக்கு மதுரை எவ்வளவு தூரம் என்பதை யோசித்துப் பார்க்கலாம். எங்கள் அப்பத்தா தலைமுறையில் எலும்புருக்கி என்றால் தனித் தட்டு, தனிக் குவளை, மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய கட்டில். பிற்பாடு திருமங்கலம் பக்கத்துத் தோப்பூர் ஆஸ்பத்திரி வந்தது. ‘தோப்பூருக்குப் போயிருக்கார்’ என்று சொல்வதையே பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைத்தார்கள்.

காசநோய்க்காரரை வீட்டிலிருந்து பிரிக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னை. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் தலைமை. 193 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு வீட்டிலேயே மாத்திரை, பாதிப் பேருக்கு சானடோரியத்தில் மாத்திரை. 1959-இல் முடிவு வந்தது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு மாத்திரை சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குப் பெரிதும் குறையாமல் தேறினார்கள். உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

என் தொழிலில் இருப்பவனுக்கு அந்த ஆய்வில் வேறொரு விஷயம் முக்கியம். நெஞ்சுப் படங்களை மதிப்பிட்டவருக்கு இது வீட்டு நோயாளியின் படமா, சானடோரியத்து நோயாளியின் படமா என்று சொல்லவில்லை. சொன்னால் கண் அந்தப் பக்கம் சாயும். படிக்கிற கண்ணை நம்பலாமா என்ற சந்தேகம் அதற்குப் பத்து வருஷம் முன்பே அமெரிக்காவில் கிளம்பியிருந்தது. 1947-இல் பிர்கெலோவும் அவர் கூட்டாளிகளும் எந்த அளவுப் பிலிம் நல்லது என்று கண்டுபிடிக்கக் கிளம்பி, பல அளவுப் படங்களைத் தேர்ந்த டாக்டர்கள் ஐந்து பேரிடம் தனித்தனியே கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். பிலிம் அளவால் வந்த வித்தியாசத்தைவிட, படித்தவர்களுக்குள் இருந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஒருவரே பிறகு மறுபடி படித்தபோது பல படங்களில் தன் பழைய முடிவோடு தானே ஒத்துப்போகவில்லை. கம்ப்யூட்டர் நெஞ்சுப் படம் படிக்க வந்த கதைக்கு விதை இங்கே விழுந்தது என்று நான் சொல்வேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது இருட்டறை. 14-க்கு 17 அங்குல பிலிம், குழாய்க்கும் பிலிமுக்கும் ஆறடி. நோயாளி மோவாயைக் கேசட்டின் மேல் வைத்து, கைகளை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேலிருந்து விலகும். சிவப்பு விளக்கில் டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ. சித்திரை வெயிலில் டெவலப்பர் சூடேறிப் படம் கறுத்துவிடும், தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போடுவோம். சாயங்காலம் வோல்ட்டேஜ் விழும், படம் வெளுத்துவிடும். கறுத்த படத்தில் சின்னப் புள்ளி தொலைந்துபோகும், வெளுத்த படத்தில் இல்லாத நோய் தெரியும். பழகின டாக்டர்கள் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்ததும் “என்னப்பா, கரண்ட் இல்லையா?” என்பார்கள். பழகாதவர்கள் டி.பி. மாத்திரை எழுதிவிடுவார்கள்.

ஈரப் படம் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பாதி தெரிந்துவிடும். சொல்லக்கூடாது. “என்னய்யா இருக்கு?” என்று கேட்பார்கள். “டாக்டர் பார்ப்பார்.” அந்த டாக்டர் வாரத்தில் சில நாள்தான் வருவார். படங்கள் பழுப்புக் கவரில் அடுக்கிக் கிடக்கும். ஜீப்புக் கூலியை விட்டு வந்தவர் மறுபடி ஒரு நாள் கூலியை விட வேண்டும். வராமலே போனவர்களின் கவர்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன.

இதே சிக்கல் நாடு முழுக்க இருந்தது. பிரேசில் டாக்டர் மானுவல் டி ஆப்ரூ 1936-இல் ஒரு மலிவான வழி கண்டிருந்தார். ஒளிரும் திரையில் விழும் நெஞ்சு நிழலைச் சின்னப் பிலிமில் போட்டோ பிடிப்பது. அந்தக் கருவியை வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் 1955 முதல் 1958 வரை இந்தியாவில் ஆறு மண்டலங்களில் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. நகரத்து நோய் என்று நினைத்தது கிராமத்திலும் அதே அளவில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்பலாம் என்றுதான் பேச்சு. 1959-இல் பெங்களூரில் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனம் அந்தப் பேச்சை வேறு பக்கம் திருப்பியது. டி. பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கிராமங்களில் விசாரித்து 1963-இல் எழுதினார்கள்: நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே வைத்தியம் தேடி எங்கோ போய்த்தான் இருக்கிறார்கள். போன இடத்தில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்படியென்றால் வண்டி எதற்கு? வருகிறவரின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார். மலிவு, எக்ஸ்ரே டாக்டர் தேவையில்லை. 1974-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் கண்டபடி ஊர்ப் படம் எடுப்பதைக் கைவிடச் சொன்னது. அந்தக் காலத்துக்கு அது சரியான முடிவு. ஆனால் அதன் உள்ளே ஒளிந்திருந்த காரணம், எடுத்த படத்தைப் படிக்க ஆள் இல்லை என்பதும்தான்.

சி.டி. வந்ததும் படத்தின் குணமே மாறியது. லண்டனில் இ.எம்.ஐ. கம்பெனி என்ஜினீயர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971 அக்டோபர் 1-இல். ஆலன் கார்மக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் கிடைத்தது 1979-இல். எக்ஸ்ரே ஒரு நிழல். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். தண்ணீர் என்றால் பூஜ்யம், காற்று என்றால் மைனஸ் 1000. எண்ணாக இருப்பதைக் கம்ப்யூட்டர் எண்ணலாம், கண் வேண்டாம்.

அப்படி எண்ணிய ஆரம்பகால வேலைகளில் ஒன்று கனடாவில் நெஸ்டர் முல்லர் குழு 1988-இல் செய்தது. நுரையீரலின் காற்றறைகள் உடைந்து பொந்தாகிப் போவதற்கு எம்ஃபிசிமா என்று பெயர். பொந்தில் காற்று அதிகம், ஆகவே எண் கீழே போகும். மைனஸ் 910-க்குக் கீழே உள்ள புள்ளிகளை மட்டும் கம்ப்யூட்டர் தனி நிறத்தில் காட்டியது. நிறம் எவ்வளவு பரவியிருக்கிறதோ அவ்வளவு சேதம். பிறகு மைனஸ் 950 என்று வரம்பை மாற்றிக்கொண்டார்கள். கணக்கு எளிமையானது, இன்றைக்கும் பல சாஃப்ட்வேர்களின் உள்ளே ஓடுகிறது.

இந்தக் கணக்கு எங்கள் மலைச் சரிவுக்கு வந்தால் என்ன ஆகும்? பீடி சிகரெட்டால் கெட்ட நுரையீரலில் பொந்து அதிகம். விறகுப் புகையால் கெட்ட நுரையீரலில் பொந்து குறைவு, மூச்சுக் குழாய்கள் தடித்துச் சுருங்குவதே அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டு பேரும் மாடிப்படி ஏறினால் ஒரே மாதிரி மூச்சிரைப்பார்கள். பொந்து எண்ணும் கம்ப்யூட்டர் பீடிக்காரருக்குப் பெரிய சதவீதம் போடும், அடுப்பங்கரைப் பாட்டிக்குச் சின்ன சதவீதம் போடும். பஞ்சுத் தூசி இன்னும் மோசம். பருத்தி ஆலைகளில் வரும் பிசினோசிஸ் என்ற நெஞ்சிறுக்கம், லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில்தான் அதிகமாக அடைக்கும். அதற்கென்று படத்தில் தனி அடையாளம் கிடையாது. குழாயில் ஊதிப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். படத்தில் இல்லாததை எந்தச் சாஃப்ட்வேரும் காட்டாது. சீட்டில் ‘கூலி’ என்பதற்குப் பதில் ‘பஞ்சுக் கொட்டகை’ என்று இருந்தால் டாக்டராவது ஊதச் சொல்லியிருப்பார்.

எங்கள் பக்கத்து ஜனங்கள் சி.டி.க்கு மதுரைக்குத்தான் போனார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு ஆஸ்பத்திரிகளில் 500 ரூபாய்க்கு ஸ்கேன் எடுக்க வழி செய்து, தேனி க.விலக்கில் மருத்துவக் கல்லூரியும் வந்த பிறகு பயணம் குறைந்தது. அதோடு ஒரு மாற்றம் நடந்தது. படிப்பவர் ஊரில் இருக்கத் தேவையில்லாமல் போனது. சின்ன ஊர் ஸ்கேன் சென்டர்களில் எடுத்த படம் கம்பி வழியே மதுரைக்கோ பெங்களூருக்கோ போய், ரிப்போர்ட் மட்டும் திரும்பி வந்தது. ஒரு நெஞ்சு ஸ்கேனில் சில நூறு துண்டுப் படங்கள். ஒரே டாக்டர் ஒரே ராத்திரியில் பல ஊர் நெஞ்சுகளை உருட்டிப் பார்க்கிறார். அவர் போடிமெட்டைப் பார்த்தவர் இல்லை. அவர் கண்ணில் படும் சொல் அதே ‘கூலி’.

ஒன்று சொல்லிவிட வேண்டும், இது டெக்னீஷியனுக்கு நன்றாகத் தெரிந்தது. சி.டி. மேஜையில் படுத்தவரிடம் மைக்கில் “மூச்சை நல்லா இழுங்க, அப்படியே நிறுத்துங்க” என்போம். “நிறுத்துனா இருமல் வருதுய்யா” என்பார் பெரியவர். பாதி மூச்சில் எடுத்த படத்தில் காற்று குறைவு, ஆகவே நுரையீரல் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். கொரோனாவில் வந்த மங்கிய கண்ணாடி போன்ற வெளுப்புக்கும் இதற்கும் நூலிழைதான் வித்தியாசம். அனுபவமுள்ள டாக்டர் மூச்சுக்குழாயின் பின்சுவர் உள்ளே வளைந்திருப்பதைப் பார்த்து, ‘இவர் மூச்சு விட்டுவிட்டார்’ என்று கண்டுகொள்வார். புள்ளிகளை மட்டும் எண்ணும் சாஃப்ட்வேர் அதையும் வியாதிக் கணக்கில் சேர்க்கும். துண்டின் தடிமனை மாற்றினாலும் சதவீதம் மாறும். ஒரு சென்டரில் முப்பது, அடுத்த வாரம் வேறு சென்டரில் இருபத்திரண்டு என்றால் நோய் குறைந்ததாக அர்த்தமில்லை. 2021-இல் இதைப் போனில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்தேன். எண் குறைந்த சந்தோஷத்தில் இருப்பவரிடம் துண்டின் தடிமனைப் பற்றிப் பேச முடியாது.

பொந்து எண்ணுவது சுலபம். புற்றுநோயாக இருக்கக்கூடிய சின்ன உருண்டைப் புள்ளியை, நாட்யூலை, கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரத்தக்குழாயைக் குறுக்கே வெட்டினாலும் உருண்டையாகத்தான் தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் குனியோ டோய் குழு 1980களிலேயே எக்ஸ்ரேயில் இதை முயன்றது. கம்ப்யூட்டர் தீர்ப்பு சொல்ல வேண்டாம், டாக்டருக்கு இரண்டாவது கருத்து சொன்னால் போதும் என்பது டோயின் நிலை. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க விடைத்தாள் வேண்டும். அந்த விடைத்தாளை அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனத்தின் முயற்சியில் தயாரித்தார்கள். 1018 நெஞ்சு சி.டி.க்கள். ஒவ்வொன்றையும் நான்கு கதிரியக்க டாக்டர்கள் தனித்தனியே படித்தார்கள். பிறகு மற்ற மூவர் போட்ட குறிகளைக் காட்டி மறுபடி படிக்கச் சொன்னார்கள். 2011-இல் கணக்கு வெளியானது. மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள நாட்யூல் என்று யாராவது ஒருவராவது குறித்தவை 2669. நான்கு பேரும் ஒப்புக்கொண்டவை 928. ஒருவர் குறியை ஒருவர் பார்த்த பிறகும் மூன்றில் ஒன்றில்தான் ஒற்றுமை.

போடி ஏலக்காய்க் கடைகளில் தரம் பிரிக்கும் பெண்கள் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டார்கள். ஒரே காயை ஒருத்தி முதல் தரத்தில் போடுவாள், பக்கத்தில் இருப்பவள் இரண்டாம் தரத்தில் போடுவாள். கடைசியில் முதலாளி சொல்வதே தரம். நாட்யூலுக்கு முதலாளி கிடையாது. ஆகவே ஓட்டுப் போட்டார்கள். இந்தத் தொகுப்பிலிருந்து 2016-இல் கம்ப்யூட்டர்களுக்கு நடத்திய லூனா என்ற போட்டியில், நான்கில் மூன்று பேராவது சொன்னால் அது நாட்யூல் என்று விதி வைத்து 1186 நாட்யூல்களை விடையாக அறிவித்தார்கள். உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நுரையீரல் படிக்கக் கற்ற கம்ப்யூட்டர்கள் இந்த விடைத்தாளில்தான் பாடம் படித்தன. 1947-இல் ஐந்து டாக்டர்களுக்குள் இருந்த சண்டை தீரவில்லை, பெரும்பான்மை ஓட்டாக மாறி மெஷினுக்குள் போயிற்று.

அதே 2011-இல் அமெரிக்காவில் இன்னொரு பெரிய ஆய்வு. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட, வெகுகாலம் புகைபிடித்த 55 முதல் 74 வயதுக்காரர்கள். குறைந்த கதிரில் சி.டி. எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. கூடவே, ஸ்கேனில் சந்தேகம் என்று வந்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் புற்றுநோய் இல்லை என்றும் தெரிந்தது. கூகுள் குழு 2019-இல் வெளியிட்ட, டாக்டர்களுக்கு நிகராகப் படிக்கிறது என்று பேர் வாங்கிய சாஃப்ட்வேரும் இந்த ஆய்வின் படங்களில் வளர்ந்ததே. அங்கேயே இத்தனை பொய்ச் சந்தேகம். எங்கள் ஊர் நெஞ்சில் சின்ன வயதில் வந்து ஆறிய காசநோயின் சுண்ணாம்பு முடிச்சுகள் எத்தனை! தோட்டத்து லயத்தில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுத்து எழுந்த தலைமுறையில் தழும்பில்லாத படத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. சிகரெட்டே தொடாத காய் எடுக்கும் பெண்ணின் தழும்பை, அமெரிக்கச் சிகரெட்காரர் படத்தில் படித்த கம்ப்யூட்டர் என்னவென்று சொல்லும்?

கொரோனாவின்போது இந்தக் கோளாறு உலகறிய வெளியே வந்தது. ஸ்கேனையும் எக்ஸ்ரேயையும் பார்த்துக் கொரோனா சொல்லும் சாஃப்ட்வேர் என்று மாதக்கணக்கில் கட்டுரைகள் குவிந்தன. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஒரு குழு 2,212 கட்டுரைகளைத் திரட்டி, வடிகட்டி, தரம் தேறிய 62-ஐ ஆராய்ந்து 2021-இல் எழுதியது: ஒன்றுகூட ஆஸ்பத்திரியில் பயன்படுத்தத் தகுந்ததாக இல்லை. பல கட்டுரைகளில் ‘கொரோனா இல்லாதவர்’ என்று காட்டிய படங்கள் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுடையவை. பெரியவர் நெஞ்சுக்கும் குழந்தை நெஞ்சுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கற்றுக்கொண்டு, அதைக் கொரோனா என்று சொன்னால் மதிப்பெண் வந்துவிடும். அந்த வருஷம் இங்கே டெல்லி எய்ம்ஸ் இயக்குநர், ஒரு சி.டி. முந்நூறு, நானூறு நெஞ்சு எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொல்லப்போக, கதிரியக்க டாக்டர்களின் சங்கம் அது பழைய கணக்கு என்று மறுத்தது. ஊரில் ஒரு வாரம் பயம், மறுவாரம் பழையபடி ஸ்கேன் வாசலில் கூட்டம்.

இவ்வளவு சொன்னதால் நான் மெஷினுக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அலமாரியில் கிடந்த அந்தப் பழுப்புக் கவர்களை நினைத்தால், உடனே ஏதோ ஒரு பதில் சொல்லும் கருவி எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். 1974-இல் கைவிட்ட வண்டி இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பில், நெஞ்சுப் படம் எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தப்பிப் போயிருப்பார்கள் என்று தெரிந்தது. அறிகுறி இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் எந்த வைத்தியமும் தேடிப் போகவில்லை. பானர்ஜியின் 1963 கணக்கு எங்கள் காலத்தில் தலைகீழாகியிருக்கிறது. 2021 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களின் நெஞ்சு எக்ஸ்ரேயை டாக்டருக்குப் பதில் சாஃப்ட்வேரே படித்துக் காசநோய்ச் சந்தேகத்தைச் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டது. பார்த்துத் தேர்ந்த சாஃப்ட்வேர்கள் மூன்றில் ஒன்று மும்பையின் க்யூர் நிறுவனத்துடையது. 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில், கையில் தூக்கிக்கொண்டு போகும் எக்ஸ்ரேயும் இந்தச் சாஃப்ட்வேரும் கிராமங்களுக்குப் போயின. படம் படிக்கும் கம்ப்யூட்டர் சி.டி.யோடு நிற்காமல் எக்ஸ்ரேக்கும் வந்திருப்பது எனக்கு நல்லதாகவே படுகிறது. மலையடிவாரத்துக்கு வேண்டியது பெரிய குகை மெஷின் இல்லை, ஜீப்பில் ஏறக்கூடிய மெஷின்.

ஆனால் இந்தச் சாஃப்ட்வேர் ஆம், இல்லை என்று சொல்வதில்லை. ஒரு எண் தருகிறது. அந்த எண்ணுக்கு மேலே போனால் சளி எடு, கீழே இருந்தால் வீட்டுக்குப் போ என்று வரம்பு கட்டுவது நாம்தான். வரம்பைத் தாழ்த்தினால் சளிப் பரிசோதனைக்கூடம் திணறும், உயர்த்தினால் நோயாளி தப்புவார். ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இடத்து ஜனங்களை வைத்தே வரம்பு கட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. டாக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வயதானவர்களிடமும் முன்பே காசநோய் வந்தவர்களிடமும் சாஃப்ட்வேர்கள் அதிகம் தடுமாறின. எங்கள் ஜீப்பில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்று.

தேனிக்கு வரம்பு கட்ட ஒன்றும் பெரிய கருவி வேண்டாம். சில நூறு பேருடைய படம், அவர்களுடைய சளி முடிவு, முன்பு மருந்து சாப்பிட்டாரா, என்ன வேலை செய்தார். முதல் இரண்டும் கிடைக்கும். மூன்றாவது சிரமம். 2012-இல் நிக்‌ஷய் என்ற காசநோய் இணையப் பதிவு வருமுன் கேரளத்தின் இடுக்கிப் பக்கம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டவரின் கணக்கு தேனிப் பதிவேட்டில் இருக்காது. அவரிடமே கேட்க வேண்டும், “லயத்துல இருந்தப்ப ஊசி போட்டாகளா ஆத்தா?” என்று கேட்டால் சொல்வார்கள். நான்காவதற்கு அக்காள் மகனிடம் ஒரு யோசனை சொன்னேன். அவன் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். சீட்டு இப்போது கம்ப்யூட்டரில், தொழில் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் அடுத்த பக்கம் திறக்கும். அதில் ஸ்டோர், மருந்தடிப்பு, பஞ்சு, மில், குவாரி, அடுப்பு என்று தட்டச்சு செய், எத்தனை வருஷம் என்றும் போடு என்றேன். “வரிசை நிக்குது மாமா, ஆளுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகும்” என்றான். ஆகட்டும் என்றேன். ஏலக்காய் சீசன் முடிந்து கூட்டம் குறைந்ததும் ஆரம்பிப்பதாகச் சொல்லியிருக்கிறான்.